நீராடற் பருவம்

பிள்ளைத்தமிழைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் பத்துப் பருவங்களின் பெயர்களையும் வரிசை பிறழாமல் ஒப்பித்துவிடுவார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என முதல் ஏழும் இருபாற் பிள்ளைகளுக்கும் பொது. எஞ்சிய மூன்றில்தான் பிரிவு. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆண்டுதோறும் இதையே நடத்திவரும் எங்களுக்கோ, ஒரு குழந்தைக்கு விளையாட்டை எப்படி அறிமுகம் செய்வது என்பதற்கான பழைய பாடத்திட்டமாகவே இவ்வரிசை தோன்றத் தொடங்கிவிட்டது. செங்கீரையில் குழந்தை தன் உடலை அறிகிறது. சப்பாணியில் கைகளை, வாரானையில் கால்களை. அம்புலியில், எட்டாத நிலவை விளையாட்டுத் துணையாக அழைக்கிறார்கள். இவ்வளவும் முடிந்த பிறகே பறையும் தேரும் அம்மானைக் காயும் கைக்கு வருகின்றன. கைகொட்டப் பழகாத பிள்ளைக்கு எந்தப் புலவரும் தேர் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. சிற்றிற் பருவத்தில் சிறுமியர் மணலில் கட்டிய வீட்டை ஆண்பிள்ளை காலால் அழிக்க வருகிறான். வேண்டாமென்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். (அடுத்தவர் வீட்டை இடிப்பதையும் ஒரு பருவமாகக் கொண்டாடிய மரபு நம்முடையது!) சிறுதேர் தெருவில் உருள்கிறது. ஆக, ஆண்பிள்ளைக்கு நிலம். பெண்பிள்ளைக்கு நீர். குமரகுருபரர் மீனாட்சியம்மையை வையையில் நீராட அழைக்கிறார். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் கிழக்கே போய்க் கடற்கரையில் நின்று பார்த்தால் இது தலைகீழாக இருக்கிறது. மாமல்லபுரத்தின் அலைகளுக்குள் கிடப்பவர்கள் பையன்கள். அவர்கள் வயதுப் பெண்பிள்ளைகள் மணலில் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் எழுத நேர்ந்ததற்கு ஒரு கோல்ஃப் மட்டைதான் காரணம் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். நண்பர் ஒருவரின் தம்பி பெங்களூரில் இருக்கிறார். தம்பியின் ஐந்து வயது மகனைக் கோல்ஃப் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். தம் பிள்ளையையும் அப்படிச் சேர்க்கலாமா, ஐந்து வயது அதற்கு ஏற்றதா என்று நண்பர் எங்களிடம் கேட்டார். எங்கள் ஏழு வயது மகளை ஞாயிறுதோறும் அலைச்சறுக்குப் பழக அழைத்துச் செல்கிறோம் என்பதால், இத்தகைய ‘புது’ விளையாட்டுகளில் எங்களுக்குத் தேர்ச்சி உண்டென்று நினைத்துக்கொண்டார் போலும். ஒருவருக்குக் கல்லூரி, மற்றவருக்குப் பள்ளி என்று கரும்பலகையோடு வாழும் எங்களுக்குக் கோல்ஃப் ஏது? ஆயினும் கேள்வி சுவையானது. தேடிப் படித்தோம்.

படித்ததில் ஒன்று பிடித்திருந்தது. சிறுபிள்ளைக்குக் கோல்ஃபைக் குழியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கிறார்கள். குழிக்கு ஒரு முழ தூரத்தில் பந்தை வைத்து மெல்லத் தட்டி உள்ளே விழச் செய்வது முதல் பாடம். விழுந்த ஓசையில் பிள்ளைக்கு விளையாட்டின் முடிவு விளங்கிவிடும். பிறகு இரண்டு முழம், நாலு முழம் என்று தூரம் கூடும். வானில் பறக்க அடிப்பது கடைசியில்தான். பெரியவர்களின் மட்டையை வெட்டிக் குட்டையாக்கித் தந்தால் அதன் கனம் பிள்ளையின் வீச்சைக் கெடுத்துவிடும் என்பதால், அவர்களுக்கென்றே இலேசான மட்டைகள் செய்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்ற அதிதி அசோக், பெங்களூரில் ஐந்து வயதில் தொடங்கியவர். பெற்றோருடன் காலை உணவுக்குப் போன இடத்திலிருந்து பக்கத்துப் பயிற்சித் திடல் தெரிந்ததாம். அங்கிருந்து வந்த ஆர்வம். 2021-இல் நடந்த அந்த டோக்கியோ போட்டியில் மட்டைப் பையைச் சுமந்து மகளுடன் நடந்தவர் அவருடைய தாய். ஐந்து வயது ஏற்றதா என்ற நண்பரின் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. குழியும் பந்தும் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் புதியவையும் அல்ல. செம்மண்ணில் குதிகாலைத் திருகிக் குழி பறித்துக் கோலி உருட்டாத தெரு இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் கிடையாது. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். அதைப் படித்தவர்களுக்கு, கோல்ஃப் என்பது பெரும்பண்ணைக்காரர் வீட்டில் பிறந்துவிட்ட கோலியாகத் தோன்றினால் வியப்பில்லை.

சிக்கல் அந்தப் பண்ணையில்தான் இருக்கிறது. பதினெட்டுக் குழிகளுக்கு நூறு ஏக்கர் அளவில் நிலம் வேண்டும். கல்கத்தாவில் 1829-லும் கொடைக்கானலில் 1895-லும் வெள்ளையர் தொடங்கிய மன்றங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு வாயிற்கதவும் உறுப்பினர் பட்டியலும் உண்டு. கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்குள் நெடுங்காலமாக கோல்ஃப் ஆடப்பட்டது. 2024 செப்டம்பரில் அரசு அத்திடலின் 160 ஏக்கர் குத்தகையை முடிவுக்குக் கொண்டுவந்ததும், நகரத்துக்கு அந்நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்ற வழக்கும் விவாதமும் எழுந்தன. பணமில்லாத வீட்டுப் பிள்ளை இவ்விளையாட்டுக்குள் நுழைந்த வழி ஒன்றே ஒன்றுதான்: பிறர் பையைச் சுமக்கும் ‘கேடி’ வேலை. 1991-இல் இந்தியன் ஓப்பன் வென்ற டெல்லி அலி ஷேரும், 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் அவ்வழியாக வந்தவர்கள். அவர்கள் சாதனை பெரிது. ஆனால், பிள்ளைத்தமிழின் வரிசை அங்கே குலைந்துபோகிறது. பிள்ளைக்கு முதலில் சுமை. விளையாட்டு, ஆட்டக்காரர்கள் போன பிறகு.

கடலுக்குக் கதவு கிடையாது. அலைக்கு உறுப்பினர் கட்டணமும் இல்லை. இதைச் சொல்லித்தான் நண்பரையும் கடற்கரைக்கு இழுக்கப் பார்த்தோம். அவர், “கடலா? நமக்கு அதெல்லாம் பழக்கமில்லீங்களே” என்று நழுவிவிட்டார். அந்த ‘நமக்கு’ எங்களை யோசிக்க வைத்தது. செங்கற்பட்டுக்காரர்களான நமக்குக் கொளவாய் ஏரி தெரியும், பாலாறு தெரியும். கடல் என்பது விருந்தினர் வந்தால் காட்டும் இடம். ஆனால், அலைமேல் ஏறுவது வெளிநாட்டார் விளையாட்டு என்று நாம் நினைப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அலைச்சறுக்கைக் குறிக்கும் ‘சர்ஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் இன்னதென்று துணியப்படவில்லை. ஆயினும், பதினேழாம் நூற்றாண்டில் அச்சொல்லின் தொடக்க காலப் பயன்பாடுகள் இந்தியக் கடற்கரையின் உடையும் அலைகளைப் பற்றியவை என்கின்றன அகராதிகள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில் கப்பல்கள் தொலைவில் நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து போய் ஆட்களை ஏற்றி இறக்கும். படகும் போகமுடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர் போவார். கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு போவார். ‘கட்டமரான்’ என்று உலகமே இன்று வழங்கும் சொல் அவர் ஏறிய மரத்தின் பெயர்தான். ஹவாய்த் தீவினர் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக அலைமேல் விளையாடியதைக் கேப்டன் குக்கின் கப்பலில் போனவர்கள் 1770-களின் இறுதியில் எழுதிவைத்தார்கள். நம் கரையில் அதே அலை உழைப்புக்கு உரியதாக இருந்தது. திரும்பி வரும் கட்டுமரத்தை அலையின் முதுகில் ஏற்றிக் கரைசேர்ப்பது அன்றாட வேலை. அதற்கு விளையாட்டென்று பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை.

பெயர் வைத்தவர்கள் இந்த நூற்றாண்டில் வந்தார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளத்தில், மீனவர் மூர்த்தி மேகவன் கிடைத்த பலகையை வைத்துக்கொண்டு தாமே அலையில் பழகியவர். வெளிநாட்டு நண்பர்கள் வழியாக முறையான பலகை கிடைத்தது. 2012-இல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி உருவாயிற்று. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்றுத் தந்தார்கள். கோவளத்துப் பையன்கள் பின்னாளில் தேசியப் போட்டிகளில் பெயர் வாங்கினார்கள். பலர் தாங்களே பயிற்சியாளர்கள் ஆனார்கள். மாமல்லபுரத்திலும் அப்படியே. மீனவர் மகன் ஒருவன் மென்பொருள் ஊழியருக்கு அலையைக் கற்றுத்தந்து சம்பளம் வாங்குகிறான் என்பது சிறிய மாற்றமன்று. அவனை அவர் ‘சார்’ என்றோ ‘மாஸ்டர்’ என்றோ அழைக்கிறார்.

எங்கள் மகள் போவது மாமல்லபுரக் கரையோரப் பள்ளி ஒன்றுக்கு. பயிற்சியாளருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அப்பா இன்னும் ஃபைபர் படகில் போகிறார். காலை ஆறரைக்கு வரச் சொன்னபோது எங்களுக்குக் காரணம் விளங்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் புவியியல்தான்: காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும், எதிர்க்காற்றில் அலை ஒழுங்காக எழுந்து மெல்ல உடையும். வெயிலேறிக் கடற்காற்று திரும்பியதும் நீர் கலைந்துவிடும். பாடநூலில் அம்புக்குறி போட்டுப் படித்ததை மேனியில் உணர எங்களுக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. மகளுக்கு ஏழு வயதிலேயே வாய்த்தது.

முதல் நாள் அவள் கடலில் இறங்கவே இல்லை. பயிற்சியாளர் ஈர மணலில் விரலால் ஒரு பலகையை வரைந்தார். “பாப்பா, இதான் உன் போர்டு. படு” என்றார். அவள் மணற்கோட்டுக்குள் குப்புறப் படுத்துக் கைகளால் மணலைத் துழாவினாள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து முதுகில் எதிர்பாராமல் லேசாகத் தள்ளினார். அவள் தடுமாறி இடது காலை முன்வைத்தாள். “அவ்வளவுதான் சார், இவளுக்கு எடது கால் முன்னாடி. கேட்டா புள்ளைங்களுக்குச் சொல்லத் தெரியாது. காலுக்குத் தெரியும்.” செங்கீரையும் சப்பாணியும் பாடிய புலவர்கள் இதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்கள்.

அடுத்து அவர் கற்பித்தது விழுவதை. இது எங்களைக் கவர்ந்த முறை. தலைகுப்புறப் பாயக் கூடாது. தண்ணீர் எவ்வளவு ஆழமென்று தெரியாது. உடம்பைப் பரப்பிக்கொண்டு விழ வேண்டும். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வரவேண்டும். காலில் கட்டிய கயிறு பலகையைத் திருப்பி இழுக்கும், அது எங்கே இருக்கிறதென்று சொல்ல முடியாது. பலகையை ஒருபோதும் தனக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் மணலிலேயே இருபது முறை செய்ய வைத்தார். நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிக்கிறோம், பிழையாக எழுதினால் அடித்துத் திருத்துகிறோம். பிழைபடுவது எப்படி என்று ஒரு வகுப்பும் எடுப்பதில்லை.

கடலைப் படிப்பது இன்னொரு பாடம். அது பெற்றோருக்கும் சேர்த்து. கரையில் நின்று பார்த்தால் சில இடங்களில் அலை வெள்ளையாக உடைகிறது. நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, குளம்போல் இருக்கிறது. “எந்த எடத்துல எறங்குவீங்க?” என்று கேட்டார். அமைதியான இடத்தையே காட்டினாள் மகள். நாங்களும் அதையே நினைத்திருந்தோம். “எல்லாரும் அதான் காட்டுவாங்க. கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழி அது. உள்ள இழுத்துனு போய்டும்.” அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேரே நீந்திப் போராடக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகே திரும்ப வேண்டும் என்றார். சுற்றுலா வந்த இளைஞர்கள் இக்கடற்கரையில் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் நாளிதழில் வருகிறது. எங்கள் மாணவர்களுக்கு இந்த ஒரு செய்தியை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சுற்றுலாவுக்கு முன் வகுப்பில் சொல்வதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். நன்னூல் கொஞ்சம் காத்திருக்கலாம்.

பிறகு நீர். இடுப்பளவு ஆழத்தில் அவர் நின்றுகொள்ள, மென்நுரைப் பலகையில் அவள் படுத்திருக்க, உடைந்து நுரையாகி வரும் சிற்றலை பின்னால் வந்ததும் பலகையை ஒரு தள்ளு. ஆறு முறை படுத்தபடியே கரைக்கு வந்து சேர்ந்தாள். ஏழாவதில் முழங்காலிட்டாள். மூன்றாவது ஞாயிறன்று எழுந்து நின்றாள். நாங்கள் எண்ணிப் பார்த்தோம், நான்கு நொடிகள். கரையில் நின்ற எங்கள் இருவருக்கும் தொண்டை அடைத்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் பிள்ளைத்தமிழாகிவிடும்.

இதெல்லாம் வீட்டில் எளிதாக நடந்துவிடவில்லை. மகளின் பாட்டிக்குக் கடல் என்றால் 2004 டிசம்பர் 26. அன்று இந்தக் கரையில் நீர் உள்வாங்கிப் பாறைகள் தெரிந்ததையும், பிறகு வந்ததையும் உறவினர் வாயிலாகக் கேட்டவர். “பொம்பளப் புள்ளைய அந்தக் கடல்ல எறக்குறீங்களே” என்பதே அவருடைய முதல் பேச்சு. எங்கள் மறுமொழியை அவருடைய கிணற்றிலிருந்தே எடுத்தோம். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் அவருக்கு நீச்சல் கற்பித்தவர் அவர் தந்தை. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிப் படிக்கிணற்றில் இறக்கிவிட்டாராம். ஒரு வாரம் கழித்துக் குடுக்கையில் சிறு ஓட்டை போட்டாராம். நீர் ஏற ஏறக் குடுக்கை கனக்கும், பிள்ளை தானே கை வீசத் தொடங்கும். எவ்வளவு நுட்பமான ஆசிரியர்! “அப்ப நீங்க மட்டும்?” என்றோம். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. “பன்னெண்டு வயசுல நிறுத்திட்டாங்க” என்றார். வயசுக்கு வந்த பிறகு கிணற்றுப் பக்கம் போனது குடத்தோடுதான். அதன் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்களைத் தடுக்கவில்லை. இப்போது அவருடைய கவலை வேறு: “ரொம்பக் கறுத்துட்டா.” இதை அக்கம்பக்கத்தில் சொல்லாதவர் இல்லை. ஏழு வயதுப் பெண்ணின் நிறத்தைப் பற்றி இத்தனை பேர் கவலைப்படுவதை என்னென்று சொல்வது! பையனாக இருந்தால் இந்தச் சொல் வந்திராது.

ஆக, கடலுக்கும் கதவு உண்டு. கண்ணுக்குத் தெரியாதது, பெண்பிள்ளைக்கு மட்டும் சாத்தியிருப்பது. அதைத் தள்ளித் திறந்தவர் ஒருவர் இதே மாமல்லபுரத்தில் இருக்கிறார். கமலி மூர்த்தியை வாசகர் பலர் புகைப்படத்தில் பார்த்திருப்பார்கள்: கவுன் அணிந்த சிறுமி, காலில் செருப்பில்லை, சரிவில் ஸ்கேட்போர்டில் இறங்குகிறாள். அப்படம் உலகமெங்கும் சுற்றியது. தனியாளாக அவளை வளர்த்த தாய் சுகந்தி, ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளைப் பலகைமேல் விட்டார். அவர்களைப் பற்றிச் சாஷா ரெயின்போ எடுத்த ‘கமலி’ குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஆண்டு அப்பிரிவில் வென்ற படமும் சிறுமியர் ஸ்கேட்போர்டு கற்பதைப் பற்றியதுதான். களம் மட்டும் காபூல். கமலி பிறகு அலைக்கும் இறங்கித் தேசிய அளவில் இளையோர் பட்டங்களை வென்றாள். மாமல்லபுரத்துப் பிள்ளைகளுக்குச் சறுக்குவது அயலான கலையா என்ன? வெண்ணெய் உருண்டைப் பாறையின் அருகே உள்ள சரிவைப் பாருங்கள். எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளின் கால்சட்டைகள் தேய்த்துத் தேய்த்து அந்தக் கருங்கல் கண்ணாடியாகியிருக்கிறது. அங்கே சிறுமிகளும் சறுக்குகிறார்கள். அதை யாரும் கேட்பதில்லை. பலகையும் போட்டியும் பரிசும் வந்த பிறகே கேள்வி வருகிறது.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவுக்கு அப்போட்டியில் முதல் தனிநபர் பதக்கத்தை, வெண்கலத்தை, வென்றவர் ரமேஷ் புதிஹால். அவர் வளர்ந்தது இன்னொரு கோவளத்தில், கேரளக் கோவளத்தில். கர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்து கடற்கரையில் கைவினைப் பொருள்கள் விற்ற குடும்பத்தின் பிள்ளை. அங்கிருந்த சர்ஃப் கிளப்பின் விதி கடுமையானது: பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குப் பலகை கிடையாது. விளையாட்டைப் படிப்புக்கு எதிரியாக நினைக்கும் நம் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும். அங்கே பலகைதான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது.

எங்கள் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு மணி நேர வகுப்புக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. மாதம் நான்கு ஞாயிறு, பெட்ரோல் தனி. ஆசிரியர் வீட்டு வரவுசெலவில் இது சிறு தொகையன்று. அலை இலவசம், பலகை இலவசமன்று. எங்கள் நண்பரின் கோல்ஃபைக் குறைசொல்லும் தகுதி இந்தக் கணக்கால் கொஞ்சம் குறைகிறதென்று அவரே சுட்டிக்காட்டினார், நியாயம்தான். உள்ளூர்ப் பிள்ளைகளிடம் பயிற்சியாளர் காசு வாங்குவதில்லை. ஆறேழு பையன்கள் வகுப்பு நடக்கும்போதே பக்கத்தில் பழைய பலகைகளோடு புகுந்துவிடுவார்கள். எங்கள் மகள் ஒரு மாதத்தில் கற்றதை அவர்கள் ஒரு காலையில் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது அவர்கள் நிற்கும் விதத்திலேயே தெரியும். அவர்களில் பெண்பிள்ளை ஒன்றும் இல்லை.

ஒருத்தி மட்டும் கரையில் நிற்பாள். எட்டு வயதிருக்கும். மீன் விற்கும் ஆயாவோடு வருவாள். கூடைக்குப் பக்கத்தில் நின்று எங்கள் மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். சென்ற மார்ச்சில் ஒருநாள், எங்கள் மகள் பலகையை இழுத்துக்கொண்டு அவளிடமே போய், “நீ வரியா?” என்று கேட்டுவிட்டாள். பெரியவர்கள் கேட்கத் தயங்கியதைப் பிள்ளை கேட்டது. சிறுமி ஆயாவைப் பார்த்தாள். ஆயா எங்களைப் பார்த்தார்.

“உங்க புள்ள வெளாடும், நாளைக்கு ஊருக்குப் போய்டும். இவ இங்கயே இருக்கணும். யாரு இன்னா பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது டீச்சர்” என்றார்.

அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. அவர் சொன்னது உண்மை. பயிற்சியாளர்தான் அருகில் வந்தார். ஆயாவுக்கு அவர் ஏதோ முறையில் பேரன். “ஆயா, கரையாண்டதான். நா புடிச்சுக்கிறேன். உன் கண்ணு முன்னாடியே” என்றார். ஆயா மீன்மேல் ஈரத் துணியைப் போர்த்தினார், எடுத்தார், மறுபடி போர்த்தினார். அவருடைய மகன் கடலில் போகிறவர், கணவர் கடலில் போனவர். அவர் மட்டும் அறுபது ஆண்டுகளாக இந்த மணலில் நின்று படகுக்குக் காத்திருக்கிறார். “நீங்க எறங்கியிருக்கீங்களா ஆயா?” என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, “முட்டியளவு” என்றார்.

இரண்டு ஞாயிறுகள் அவர்கள் வரவில்லை. வீண்தொல்லை கொடுத்துவிட்டோமோ என்று பேசிக்கொண்டே திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பினோம். மூன்றாவது ஞாயிறு கூடை வந்தது, சிறுமியும் வந்தாள். ஆயா பயிற்சியாளரைத் தனியே அழைத்துப் பேசினார். நிபந்தனைகள் மூன்று என்று பிறகு தெரிந்தது. காலை ஏழரைக்குள் முடிந்துவிட வேண்டும். பள்ளி நாள்களில் கூடாது. உடம்பு முழுக்க மூடியிருக்க வேண்டும்.

பயிற்சியாளர் பலகைகள் அடுக்கியிருந்த கொட்டகைக்குள் போய் முழுக்கைச் சட்டை ஒன்றைத் தேடினார். இருந்ததிலேயே சிறியதும் அவளுக்கு முழங்கால்வரை வந்தது. எங்கள் மகள் மண்டியிட்டு அதன் கைகளை மணிக்கட்டுவரை மடித்துவிட்டாள். பயிற்சியாளர் ஈர மணலில் விரலால் ஒரு பலகையை வரைந்தார். ஆயா கூடையை எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கோட்டுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.